மருந்தோடு கூட எந்தக் கைவேலை? விளாச்சேரி மண்ணா, வீட்டு வாட்டர்கலரா?

போன வருஷம் தை மாதம், மனநலச் சிகிச்சைக்குப் போன தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ரிவியூவுக்குப் போனோம். டாக்டர் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார், கிளம்பும்போது "கைக்கு ஏதாவது வேலை குடுங்கம்மா, படம் வரையட்டும், பொம்மை செய்யட்டும், படுத்தே கிடக்க விடாதீங்க" என்றார். சரிங்க டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகுதான், அந்த "ஏதாவது" எது என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று உறைத்தது. அடுத்த ஒன்பது மாதம் அதைத்தான் தேடினோம். வீட்டிலேயே வரைவது, பக்கத்துத் தெரு ஓவிய வகுப்பு, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவது, விளாச்சேரி ஊரில் மண்பொம்மை வேலை, வரைவதை வைத்தே மனசில் இருப்பதைப் பேச வைக்கப் பயிற்சி பெற்றவர் நடத்தும் கலைச் சிகிச்சை என்று ஐந்தையும் கொஞ்சமாவது தொட்டுப் பார்த்தாயிற்று. இன்றைக்கு இதே குழப்பத்தோடு நிற்கிற வீடுகள் நிறைய இருக்கும், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். "எழுதுக்கா, என் பேர் மட்டும் வேண்டாம்" என்றான்.

அவனுக்கு 26 வயது. பைபோலார். சில வாரம் தூக்கமே இல்லாமல் உச்சியில் பறப்பான், அப்புறம் மாதக்கணக்கில் எழுந்து பல் தேய்ப்பதே பெரிய காரியமாகிவிடும். சாப்பிடுவது லித்தியம் மாத்திரை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. லித்தியம் சாப்பிடும் பலருக்கும் விரலில் மெல்லிய நடுக்கம் இருக்கும், காபி டம்ளரைப் பிடித்தால் தெரியும். உடம்பில் தண்ணீர்ச் சத்து குறைந்தால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறிவிடும், அது ஆபத்து. மதுரைச் சித்திரை வெயிலில் இதை மறந்துவிட்டு எந்த வேலையிலும் ஒருவரை உட்கார வைக்க முடியாது. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கை கால் இறுக்கமாக இருக்கலாம், காலை பத்து மணி வரை தூக்கக் கலக்கம் விடாமல் இருக்கலாம். எங்களுக்கு இது தெரியாததால் முதல் இரண்டு மாதம் வீணாய்ப் போனது. அவனுக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தோம். இந்த மாத்திரையோடு அவன் கை இப்போது எதைச் செய்யும் என்று முதலில் யோசித்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொந்தக்காரர்கள் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள். படம் வரைந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று எங்கள் பெரியப்பாவே கேட்டார். முடியாது. பிரிட்டனில் மனச்சிதைவு நோய் உள்ள 417 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சையைக் கொடுத்துக்கொண்டே, ஒரு பிரிவுக்கு மட்டும் வாராவாரம் குழுவாகக் கலைச் சிகிச்சை, இன்னொரு பிரிவுக்குக் கலை அல்லாத வேறு குழு வேலைகள் என்று வைத்து இரண்டு வருடம் கழித்துப் பார்த்தார்கள். 2012-ல் அந்த முடிவு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நோயின் அறிகுறியிலும் சரி, அன்றாட வாழ்க்கையை நடத்துவதிலும் சரி, கலைச் சிகிச்சைப் பிரிவு மற்றவர்களைவிட முன்னேறியிருக்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு மனசே விட்டுப்போயிற்று. ஆனால் அதிலேயே இன்னொரு விஷயமும் இருந்தது, சேர்க்கப்பட்டவர்களில் நிறையப் பேர் ஒழுங்காக வரவே இல்லை. அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். எது சிறந்த கலை என்று தேடுவதைவிட, எதற்கு அவன் நாளைக்கும் எழுந்து போவான் என்று தேடுவது மேல்.

பலன் இல்லவே இல்லை என்றும் இல்லை. அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், 39 பேரை 45 நிமிடம் களிமண், மார்க்கர் பேனா, ஒட்டுவதற்குத் துண்டுக் காகிதம் என்று இஷ்டம்போல் ஏதாவது செய்ய வைத்து, முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தில் ஏறும் ஹார்மோன் அது. சுமார் முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது, முன்பே கலை பழகியவரா இல்லையா என்பது வித்தியாசம் எதுவும் ஏற்படுத்தவில்லை. அவர்கள் நோயாளிகள் இல்லை, சாதாரணமானவர்கள், ஆகவே இதை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் "எனக்கு வரையவே வராதே" என்கிறவரும் தயங்காமல் உட்காரலாம் என்கிற தைரியம் அதில் கிடைத்தது. கலைச் சிகிச்சை என்ற பெயரே ஒரு நோயாளியிடமிருந்து வந்ததுதான். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் காசநோயோடு ஒரு சானடோரியத்தில் படுத்துக் கிடந்தபோது, நம் தோப்பூர் ஆஸ்பத்திரி போல ஊருக்கு வெளியே இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கட்டிலில் இருந்தபடியே கண்ணில் பட்டதை வரைந்து பொழுதைக் கடத்தியிருக்கிறார். அப்புறம் மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். 1942-ல் அந்தப் பெயரை வைத்தார்.

சரி, வீட்டில் வரைவது. எல்லோரும் முதலில் போகிற வழி இதுதான், நாங்களும் போனோம். டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் ஸ்கெட்ச் புத்தகம், 12 வாட்டர்கலர் உள்ள டப்பா, இரண்டு பிரஷ், எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. வெளியே போக வேண்டாம், யாரும் பார்க்க மாட்டார்கள், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வந்தால் போதும். மிக மோசமான சோர்வில் இருப்பவருக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். என்ன வரையறதுன்னு தெரியலக்கா என்றான். நான் அவசரப்பட்டு, ஒரு மரம் வரை, மீனாட்சி கோயில் கோபுரம் வரை என்றேன். கோபுரத்தைத் தொடங்கினான், நடுக்கத்தில் கோடு இழுத்துக்கொண்டு போனது, தாளைக் கிழித்தான்.

வெள்ளைத் தாள்தான் பிரச்சினை என்று பிறகு புரிந்தது. 2005-ல் வந்த ஓர் ஆய்வில் 84 கல்லூரி மாணவர்களுக்குச் சிறிது பதற்றம் உண்டாக்கிவிட்டு, சிலருக்கு வட்ட மண்டல வடிவம், சிலருக்குக் கட்டம் போட்ட வடிவம், சிலருக்கு வெறும் தாள் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வடிவம் இருந்த இரண்டு தாளிலும் பதற்றம் குறைந்தது, வெறும் தாளில் அந்த அளவுக்குக் குறையவில்லை. இதை அம்மாவிடம் சொன்னதும், "அப்ப கோலம் போடட்டும்டி" என்றார். எவ்வளவு சரியாகச் சொன்னார்! புள்ளி ஏற்கனவே இருக்கிறது, கம்பி எங்கே வளைய வேண்டும் என்று புள்ளியே சொல்லும். வாசலில் ஆம்பளைப் பிள்ளை கோலம் போட்டால் தெருவே வாயில் போட்டு மெல்லும் என்பதால் மொட்டை மாடியில் போட்டார்கள், அம்மாவும் அவனும், ஐந்து புள்ளி ஐந்து வரிசை சிக்குக் கோலத்தில் ஆரம்பித்து. மாவு சிந்தினாலும் கோடு நெளிந்தாலும் பரவாயில்லை, அணில் வந்து பாதியைத் தின்றுவிடும், நாளைக்குப் புதுத் தரை. ஆறு மணிக்கு எழ வேண்டியிருந்ததால் இரவு நேரத்தோடு படுக்கவும் ஆரம்பித்தான். பைபோலாரில் தூக்கம் ஒழுங்காவதுதான் பாதி வைத்தியம் என்று டாக்டர் எப்போதும் சொல்வார். ஒரு பைசா செலவில்லாத இந்த வழியை நாங்கள் ஐந்தில் ஒன்றாகக்கூட எண்ணவில்லை, தானாக வந்து சேர்ந்துகொண்டது.

வீட்டில் வரைவதில் நான் பயப்படும் விஷயம் வேறு. ஆனி மாதம் ஒரு வாரம் திடீரென்று வாட்டர்கலர் அவனுக்குப் பிடித்துப் போய்விட்டது. ஒரு நாளைக்கு நான்கு படம், ஆறு படம், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் தரை முழுக்கத் தாள், ஆன்லைனில் மூவாயிரம் ரூபாய்க்கு வண்ணம் ஆர்டர் போட்டிருந்தான். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பிள்ளை சுறுசுறுப்பாகிவிட்டான் என்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது. உச்சம் இப்படித்தான் தொடங்கும். மறுநாளே டாக்டருக்கு போன் செய்தோம், ரத்தத்தில் அளவு பார்த்து மருந்தை மாற்றினார், நல்லவேளை அதோடு அடங்கியது. ஆகவே வீட்டில் வரைகிறவர் பைபோலார் உள்ளவராக இருந்தால் படம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், எத்தனை மணிக்கு வரைந்தார் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பிரஷ் கிடையாது.

அப்புறம் பிளேடு, கட்டர், கத்தரிக்கோல். தற்கொலை எண்ணம் அண்மையில் இருந்திருந்தால் இவை தேவைப்படும் வேலையை அந்தக் காலத்தில் தொடவே வேண்டாம், பென்சில் சீவுவதற்குக்கூட ஷார்ப்னரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணம் திரும்பினால், நடு இரவாக இருந்தாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

ஓவிய வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். மாதம் எண்ணூறு ரூபாய், சனி ஞாயிறு. போன முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஐந்தாம் வகுப்பு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். அட்டையில் இருக்கும் கிளியை அப்படியே பார்த்து வரைய வேண்டும், சார் வந்து திருத்துவார், யாருடையது நன்றாக இருக்கிறதோ அது பலகையில் ஏறும். நல்ல நிலையில் இருப்பவருக்கு இது நல்ல பயிற்சிதான், கை திருந்தும். குணமாகிக்கொண்டிருக்கும் 26 வயதுப் பிள்ளைக்குப் பத்து வயதுக் குழந்தையின் கிளியோடு தன் கிளியை ஒப்பிட்டுப் பார்ப்பது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். ஐந்தாவது வாரம் அந்த வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவன் வரைந்துகொண்டிருக்கும் போட்டோவைப் போட்டு, மனநலம் பாதிக்கப்பட்டவரும் நம்மிடம் கற்கிறார் என்று எழுதிவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள், நான் அவர்களை நம்பித்தான் விவரம் சொல்லியிருந்தேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது. ஆனால் அது மனநல மருத்துவ நிலையங்களில் சிகிச்சை பெறுபவர்களை மனதில் வைத்து எழுதிய விதி, தெரு ஓவிய வகுப்புக்கு அதை யார் எடுத்துச் சொல்வது? தம்பி அதற்கப்புறம் போகவில்லை. வகுப்பில்தான் சேர்ப்பேன் என்றால், பெரியவர்களும் வரும் வகுப்பாகப் பார்த்து, போட்டோ எடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டுச் சேருங்கள்.

சுங்குடி யோசனை அம்மாவுடையது. முனிச்சாலைப் பக்கம் அம்மாவுக்குத் தெரிந்த சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்று இன்னும் கையால் முடிச்சுப் போடுகிறது. மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் கடையில் சுங்குடி என்று வாங்குவதில் பெரும்பகுதி இப்போது அச்சுப் போட்டதுதான். உண்மையான சுங்குடியில் துணியை நகத்தால் மிளகு அளவுக்குக் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி முடிய வேண்டும், ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில். சாயத்தில் முக்கி எடுத்துக் காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்தால் முடிந்த இடம் மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளியாகப் பூத்திருக்கும். அந்த அவிழ்க்கும் நேரம் இருக்கிறதே, அதற்காகவே முடியலாம். ஆனால் தம்பியின் விரல் நடுக்கத்துக்கு அந்தக் கிள்ளல் பிடிபடவே இல்லை. பத்து முடிச்சுக்கு எட்டு நழுவியது, ஒரே நாளில் கும்பிடு போட்டுவிட்டான். அதே வேலையை என் மதினி பிடித்துக்கொண்டார். அவருக்குப் பிள்ளை பிறந்த பிறகு வந்த மனச்சோர்வு, நாள் முழுக்க ஒரே கவலை மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். முடிச்சை எண்ணிக்கொண்டே போகும்போது அந்தச் சுற்றல் நிற்கிறது என்கிறார். பிள்ளையை மடியில் தூங்கப் போட்டுக்கொண்டே செய்யலாம், தப்பிப்போன முடிச்சை அவிழ்த்துவிட்டுத் திரும்பப் போடலாம். ஓர் எச்சரிக்கை மட்டும். கொஞ்சம் கை பழகியதும் கூலிக்கு முடிச்சுப் போடுங்கள் என்று துணி கொடுப்பார்கள். வருமானம் வருவது நல்லதுதான், கையில் சொந்தக் காசு இருப்பதே ஒரு தெம்பு. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தர வேண்டும் என்று ஆனதும் மதினிக்குப் பழைய பதற்றம் திரும்பி எட்டிப் பார்த்தது. கூலி வேலையையும் தனக்காகச் செய்வதையும் வேறு வேறு துணியில் வைத்துக்கொள்கிறார் இப்போது.

விளாச்சேரிக்கு வருகிறேன். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர், கொலு பொம்மை வாங்கப் போகிற எல்லோருக்கும் தெரியும், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் அங்கே செய்கிறார்கள். நாங்கள் வருஷா வருஷம் பொம்மை வாங்கும் ஒரு வீட்டில், பங்குனியில் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன், "அண்ணே, என் தம்பி வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து ஒரு மணி நேரம் உட்காரட்டுமா, உடம்பு சரியில்லாம இருந்து இப்ப தேறி வர்றான்." என்ன உடம்பு என்றே அவர் கேட்கவில்லை. "வரட்டும்மா, மண்ணு மிதிக்க ஆள் வேணும்தானே" என்றார். நானே உள்ளதைச் சொன்னேன், மாத்திரையைப் பற்றியும் வெயில் ஆகாது என்பதையும். அவர் வீட்டு அக்கா உடனே ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் காட்டி, "தண்ணி இங்க இருக்கும் தம்பி, கேக்காம எடுத்துக் குடிச்சுக்க" என்றார்.

முதல் நாள் மண்ணை மிதிக்க மட்டும் விட்டார்கள். கண்மாய் மண், ஊறப்போட்டு, கல்லும் வேரும் பொறுக்கி, மணல் சேர்த்துக் காலால் மிதித்து மிதித்துப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். குதிகாலில் ஆரம்பித்து விரல் வரைக்கும் அழுத்தி, ஒரு வட்டம் முடிந்ததும் மண்ணை மடித்துப் போட்டுத் திரும்ப மிதிப்பது. மூன்று மாதமாகத் தலைக்குள்ளேயே குடியிருந்தவன் அன்றைக்குத்தான் காலைப் பற்றிப் பேசினான், "கால் வலிக்குதுக்கா, ஆனா நல்லா இருக்கு." அடுத்தது அச்சு. மண்ணைச் சப்பாத்தி கனத்துக்குத் தட்டி, அச்சுக்குள் வைத்துக் கட்டைவிரலால் ஒவ்வொரு குழியிலும் அமுக்க வேண்டும், மூக்கு, காது, கை மடிப்பு என்று. முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று. விளிம்பில் குழைத்த மண்ணைத் தடவி இரண்டையும் ஒட்ட வேண்டும். அமுக்குவதற்கு நடுங்காத விரல் தேவையில்லை, கனமான விரல் இருந்தால் போதும். அவன் எடுத்த முதல் பிள்ளையாருக்குத் தும்பிக்கை நுனி அச்சிலேயே தங்கிவிட்டது. தாளைக் கிழித்த முகம் எனக்கு ஞாபகம் வந்து நான் எழுந்தே விட்டேன். அந்த அண்ணன் பொம்மையை வாங்கி, ஒன்றும் பேசாமல் ஊறல் தொட்டியில் போட்டார். "நாளைக்கு மண்ணாயிரும்" என்றார், அவ்வளவுதான்.

ஐந்து வழிகளையும் பார்த்த பிறகு எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மனசு உடைந்து தேறி வருகிறவருக்கு, முதல் ஆறு மாதமாவது, தப்பைத் திரும்பக் கரைத்துவிட முடிகிற வேலைதான் ஏற்றது. சூளையில் வைக்கும்வரை மண் கரையும். கோலம் மறுநாள் இருக்காது. முடிச்சை அவிழ்க்கலாம். தாளில் இழுத்த கோடு மட்டும் தோற்றுப்போனது தோற்றுப்போனதாகவே கண்முன் கிடக்கிறது. மண் வேலைக்கு இன்னொரு நல்லதும் உண்டு, அங்கே யாரும் இவனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் வேலை, ரேடியோ பாடும், பேச வேண்டும் என்றால் பேசலாம், வேண்டாம் என்றால் மண்ணைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லாமல் வேலைக்குப் போயிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புவதில் இருக்கும் மரியாதையை நான் முன்னால் யோசித்ததே இல்லை.

குறைகளும் உண்டு. ஆடியிலிருந்து புரட்டாசி வரைக்கும் கொலு வேலை நெருக்கும், அந்த மாதங்களில் அவர்களால் இவனைக் கவனிக்க முடியாது, பரபரப்பும் சத்தமும் கூடிவிடும். நாங்கள் அந்தச் சமயத்தில் வாரம் ஒரு நாளாகக் குறைத்தோம். சூளை எரியும் நாளில் போகவே கூடாது, அந்த வெக்கையும் புகையும் லித்தியம் சாப்பிடுகிறவருக்கு ஆகாது. சித்திரை வைகாசியில் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டு திரும்பிவிடுவான், இரண்டு பாட்டில் தண்ணீர் காலியாகி இருக்கிறதா என்று அம்மா பையைத் திறந்து பார்ப்பார். பஸ் ஏறும் அளவுக்கு எழுந்திருக்க முடியாத மனச்சோர்வில் இருப்பவரிடம் விளாச்சேரியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. எல்லாவற்றுக்கும் மேல், பொம்மை செய்கிறவர்கள் சிகிச்சையாளர்கள் இல்லை, அந்தச் சுமையை அவர்கள் தலையில் வைக்கக் கூடாது. அவன் அங்கே ஒரு நாள் அழுதிருக்கிறான். அவர்கள் டீ வாங்கிக் கொடுத்து எனக்கு போன் செய்தார்கள். அவர்களால் முடிந்தது அது, அதுவே பெரிது.

அழுகைக்குப் பின்னால் இருப்பதைக் கேட்க ஆள் வேண்டும் என்பதால்தான் ஐந்தாவது வழிக்குப் போனோம். வைகாசியில் வீட்டில் அவன் ஒரு கிணறு வரைந்தான், படியில்லாத உறைகிணறு, கறுப்பு மட்டும். அம்மா பார்த்துவிட்டு ஓவென்று அழுதுவிட்டார், நான் அதைப் பீரோவில் ஒளித்து வைத்தேன். இரண்டுமே தப்பு என்று இப்போது தெரிகிறது. வெளியூரில் இருக்கும் கலைச் சிகிச்சையாளர் ஒருவரிடம் வீடியோவில் மாதம் இரண்டு முறை பேச ஏற்பாடு செய்தோம், ஒரு முறைக்கு ஆயிரம் ரூபாய். அவர் அந்தக் கிணற்றைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, ஏன் கறுப்பு என்றும் கேட்கவில்லை. "கிணத்துக்குள்ள தண்ணி இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். வத்திப்போச்சு என்று சொல்லிவிட்டு, அப்பா இறந்த வருஷத்தைப் பற்றி முக்கால்மணி நேரம் பேசியிருக்கிறான். எங்களிடம் ஆறு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத விஷயம். இதை நான் கதவுக்கு வெளியே ஒட்டுக்கேட்கவில்லை, அவனே அப்புறம் சொன்னான்.

பழைய இழப்பு, அடி, அவமானம் என்று உள்ளே ஏதாவது கிடக்கிறது என்று தெரிந்தால் இந்த வழியைத் தள்ளிப் போடாதீர்கள், பொழுதுபோக்கு வகுப்பு அதைத் தாங்காது. ஆனால் கலைச் சிகிச்சை என்று போர்டு வைத்த எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள், உங்களுக்கு மேல் வழிகாட்ட மூத்தவர் யாராவது இருக்கிறார்களா, எங்கள் டாக்டரோடு பேசுவீர்களா, வரைந்த படம் யாரிடம் இருக்கும் என்று நேராகவே கேளுங்கள், நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பணம் முடியாது என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். 1992-லிருந்து மதுரையில் மனநல மறுவாழ்வு வேலை செய்துவரும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற இடங்களில், கைவேலையோடு சேர்ந்த பகல்நேரப் பயிற்சி இப்போது என்ன இருக்கிறது என்றும் விசாரிக்கலாம். சங்கிலியில் கட்டிப்போட்டால் சரியாகும் என்று நம்பி நம் பக்கத்து ஜனங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி பிடித்த தீயில் 28 பேர் கட்டிய சங்கிலியோடு கருகிப் போனார்கள். இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருக்கும்போது இது அடிக்கடி ஞாபகம் வருகிறது, வராமல் இருக்காது.

எங்களுக்கு ஒத்து வந்தது உங்களுக்கும் வரும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இப்படி யோசித்துப் பார்க்கலாம். எழுந்திருக்கவே முடியாத நிலை என்றால் வீட்டிலேயே, வெறும் தாள் வேண்டாம், கோடு போட்ட வடிவமோ கோலமோ, பத்து நிமிடம், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுடையதை வரையுங்கள், அவருடையதைப் பார்க்காதீர்கள். மண்டைக்குள் கவலை சுற்றுகிறது, கை நடுங்கவில்லை என்றால் சுங்குடி முடிச்சோ பூத்தையலோ. கை நடுங்குகிறது, உடம்பு மரத்துப்போன மாதிரி இருக்கிறது, ஆனால் வெளியே போக முடிகிறது என்றால் மண். தூக்கம் குறைந்து வேகம் கூடுகிற அறிகுறி தெரிந்தால் எந்தக் கலையும் இப்போது வேண்டாம், முதலில் டாக்டர். வகுப்பு கடைசியில், அவரே கேட்கும்போது. செலவைப் பொறுத்தவரை கோலத்துக்கும் மண்ணுக்கும் எங்களுக்கு ஆனது பஸ் காசும் அரிசி மாவும்தான். அந்த அண்ணன் பணம் வாங்கிக்கொள்ளவே மாட்டேன் என்றதால் தீபாவளிக்கு வேட்டி சேலை எடுத்துக் கொடுத்தோம்.

அம்மா ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தார். நோய் தீர்ந்தால் அய்யனாருக்கு மண் உருவாரம் வைக்கும் வழக்கம் எங்கள் ஊரில் உண்டு, ஆள் உருவமாக ஒரு சாண் பொம்மை. கடையில் வாங்கலாம் என்று அம்மா கிளம்பியபோது தம்பி, "நோய் தீரலம்மா, அது இருக்கும், நான் மாத்திரை சாப்பிடுவேன்" என்றான். அப்புறம் நானே செய்றேன் என்று விளாச்சேரியிலேயே செய்தான், அச்சில்லாமல் கையால், இடது கை வலது கையைவிட நீளம். அதைத்தான் கொண்டுபோய் வைத்தோம்.

ஒரு வருஷம் தாண்டிவிட்டது. செவ்வாய், வெள்ளி விளாச்சேரி, மாதம் ஒரு முறை அந்தச் சிகிச்சையாளர், மொட்டை மாடிக் கோலம் அவ்வப்போது. போன வாரம் பீரோவுக்கு மேலிருந்து வாட்டர்கலர் டப்பாவை எடுத்துத் தரச் சொன்னான். ஒன்பது மணிக் கணக்கை ஞாபகப்படுத்தினேன், "தெரியும்க்கா" என்றான். மறுபடி ஒரு வகுப்பில் சேரலாமா என்றும் கேட்கிறான், பெரியவர்கள் வரும் வகுப்பாக ஒன்றை விசாரித்து வைத்திருக்கிறேன். வரும் வியாழக்கிழமை ரிவியூ. கோடை தொடங்குவதால் ரத்தப் பரிசோதனையை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டுமா, விரல் நடுக்கத்துக்கு ஏதாவது செய்ய முடியுமா என்ற இரண்டையும் இந்த முறை மறக்காமல் கேட்டுவிட்டுத்தான் ஆட்டோ ஏற வேண்டும்.